சும்மா இருந்த எட்டு வருஷம்

“எட்டு வருஷமா சும்மாதான் இருந்தீங்களா மேடம்?” நேர்காணலில் அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. நள்ளிரவில் 103 டிகிரி காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது, ஆறே முக்காலுக்குள் மூன்று டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒற்றை சாக்ஸுக்கு ஜோடி தேடுவது எல்லாம் சும்மா இருப்பதன் உயர்ந்த படிநிலைகள். சித்தர்களே தவமிருந்து தேடிய நிலை.

சட்டமும் தாராளம். 2017 திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு. அதற்குள் குழந்தை நடக்கப் பழகி, பள்ளி வேனில் தானே ஏறிப் போகாவிட்டால் அது குழந்தையின் சோம்பேறித்தனம்.

அனுபவம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு என்னை ‘ஃப்ரெஷர்’ ஆக்கினார்கள். முப்பத்தாறு வயதில் இளமை திரும்புவது யாருக்குக் கிடைக்கும்? சம்பளமும் கூடவே இளமையாகத் திரும்பியது.

சேர்வதற்கு முன், சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன். ஏஜென்சிக்காரம்மா சொன்ன சம்பளம் என்னுடையதைவிட இரண்டாயிரம் அதிகம்.

“ஏங்க்கா இவ்வளவு?”

“பிள்ளை வளக்குறதுல எட்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸும்மா. சும்மாவா?”