மாஹேயிலிருந்து ஒரு கடுதாசி

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து நீ வீலென்று கத்தியதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததாக மாமா சொன்னார். அதனால்தான் இந்தத் தடவை காகிதம். எழுத்துக்குக் கால் முளைக்காது, தைரியமாகப் படி.

சேஷெல்ஸில் மொத்தம் 115 தீவுகள். நான் இருக்கும் மாஹேதான் அதில் பெரியது. கடலும் கருங்கல் மலையுமாக ஊர் அழகுதான், அண்ணாந்து பார்க்காதவரை. பார்த்தால் டெலிபோன் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, தென்னைக்கும் சீமைப்பலாவுக்கும் நடுவே, ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு சிலந்திகள் காலனி போட்டுக் குடியிருக்கின்றன. பனைச் சிலந்தி என்கிறார்கள். படித்தவர்களுக்கு டிரைக்கோநெஃபிலா இனாரேட்டா. வலையே ஒரு மீட்டருக்கு மேல் அகலம். நடுவில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் அம்மணி சிவந்த காலை விரித்தால் என் உள்ளங்கை போதாது.

உட்கார்ந்திருப்பது எப்போதும் அம்மணிதான். ஐயாவைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அரை சென்டிமீட்டர் தேறினால் அதிகம். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வலை ஓரத்தில் இரண்டு மூன்று மாப்பிள்ளைகள் மூச்சுக்காட்டாமல் காத்துக் கிடப்பார்கள். ஒரு விட்டில் வந்து மாட்டியதும் இவள் ஓடிப்போய்க் கடித்து, நூலால் பொட்டலம் கட்டி, சாப்பிட உட்காருவாள். அப்போதுதான் ஒருத்தன் மெல்லப் பின்பக்கமாக நெருங்குவான். வாய் வேலையாக இருக்கும்போது போனால்தானே தன் உயிர் தப்பும்! நீ சாப்பிடும் நேரம் பார்த்து மாமா காசு கேட்பது ஏன் என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. இது போதாதென்று வெள்ளிப் பொட்டு மாதிரி சில குட்டிச் சிலந்திகள் வேறு அதே வலையில் ஒட்டிக்கொண்டு, அவள் பிடித்ததைத் திருடித் தின்கின்றன. வாடகை கிடையாது.

நீ பட்டுப்புடவை கேட்டிருந்தாய் அல்லவா? இவள் நூல் அசல் தங்க நிறம். சாயம் இல்லை, சுரக்கும்போதே அந்த மஞ்சள். பக்கத்து மடகாஸ்கரில் இவள் இனத்தையே பிடித்து, நூலை இழுத்துக்கொண்டு திரும்பக் காட்டில் விட்டுவிட்டார்கள். நம்ம பட்டுப்புழுவைப் போல வெந்நீரில் போடவில்லை. அப்படிச் சேர்த்து நெய்த ஒரு துணியை 2009ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். பத்து லட்சம் சிலந்திக்கு மேல், நாலு வருஷ வேலை. உனக்கு ஒரு முந்தானை தேற்றுவதற்குள் என் காண்ட்ராக்ட் முடிந்துவிடும். காஞ்சிபுரமே எடுத்துக்கொள், பணம் அனுப்புகிறேன்.

அறைக்குள் இருப்பது வேறு ரகம். தட்டையாக, பழுப்பாக, சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும். வலை கட்டாது, ராத்திரியில் ஓடி ஓடிக் கரப்பானைப் பிடிக்கும். முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அப்பளம் போல இடுக்கிக்கொண்டு திரியும். யார் என்று தெரிகிறதா? நம்ம வீட்டுப் பரணில் நீ விளக்குமாற்றோடு துரத்துவாயே, அவரேதான். ஆசியாவில் பிறந்து, கப்பல் சரக்கில் ஒளிந்து வெப்பநாடுகளெல்லாம் பரவிவிட்டார். எனக்கு மெடிக்கல், விசா, ஏஜென்ட் கமிஷன் என்று சொத்து கரைந்தது. அவர் பைசா செலவில்லாமல் வந்து என் கட்டிலுக்கு மேலேயே குடியேறிவிட்டார்.

கடிக்குமா என்று சின்னவன் கேட்டான். கையில் போட்டு நசுக்கினால் கடிக்கும், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். இந்தத் தீவில் ஆளைக் கொல்லும் பாம்புகூடக் கிடையாது. ஊர்க்காரர்கள் குனிந்து வலைக்கு வழிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குனிகிறேன்.

இங்கே விக்டோரியா நகரில் நவசக்தி விநாயகர் கோவில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடியெல்லாம் உண்டு, அதனால் நான் கோவில் இல்லாத ஊரில் கிடக்கிறேனோ என்ற கவலை உனக்கு வேண்டாம்.

அடுத்த மாதம் நம்ம பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி இங்கே வருகிறார். அவரிடம் கருவடாமும் மோர்மிளகாயும் கொடுத்துவிடு. சிலந்தியைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விடாதே. மனுஷன் பிளேன் ஏறமாட்டார், என் மோர்மிளகாய் போய்விடும்.

இப்படிக்கு,
உன் தம்பி