தகப்பன் தராத பணம்

மனைவி, மக்கள், பெற்றவர்கள் ஆகியோரைக் காப்பாற்ற வசதி இருந்தும் கைவிடுகிறவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். அவர்களுக்கு வழி செய்யாமல் துறவு போகிறவனுக்கும் அதில் தண்டனை உண்டு. ஆனால் அபராதம் கருவூலத்துக்குப் போகிற காசு. அதனால் பிள்ளையின் தட்டில் சோறு விழாது. கடமை தவறிய தகப்பனை என்ன செய்வது என்று அரசுகள் நெடுங்காலமாக யோசித்து வருகின்றன. அவன் தராத மாதத்தில் குழந்தை எதைச் சாப்பிடும் என்ற கேள்வி மட்டும் இன்னும் நம் சட்டத்துக்குள் நுழையவில்லை.

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் 488-ஆவது பிரிவு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 125 ஆனது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. (நாம் பழகிய 144 தடை உத்தரவு இப்போது 163 ஆகிவிட்டது.) எண் மாறிய அளவுக்கு உள்ளடக்கம் மாறவில்லை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று 1955-இல் வைத்த உச்சவரம்பை 2001-இல்தான் எடுத்தார்கள். 46 ஆண்டுகளில் அரிசி விலை எங்கோ போய்விட்டது. கைவிடப்பட்ட குழந்தையின் விலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் வெட்கப்பட வேண்டிய கணக்கு இது.

காகிதத்தில் பார்த்தால் சட்டத்துக்குப் பல் இருக்கிறது. உத்தரவை மீறினால் வாரண்ட். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது என்று 1989-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று வழிகாட்டியது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் வாரண்ட் தானாக வராது. தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கைவிடப்பட்ட பெண்தான் அதற்கு மனு போட வேண்டும். அடுத்த வருடப் பாக்கிக்கு அடுத்த மனு. குழந்தைக்கு 18 வயதாகும்வரை இதே வேலை.

எந்த ஊர்க் குடும்பநல நீதிமன்றத்திலும் காலை பத்தரை மணிக்கு வராந்தாவைப் பாருங்கள். ஒரு பெண்ணின் கட்டைப் பையில் மனு நகல், ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீது. அன்றைய கூலி போனது போனதுதான். பெயர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போகிறார். எதிர்மனுதாரர் ஆஜரில்லை, சம்மன் ‘அந்த விலாசத்தில் ஆள் இல்லை’ என்று திரும்பியிருக்கிறது. அடுத்த வாய்தா தேதியைச் சொல்கிறார்கள். அதற்குள் அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானா, கேரளத்தில் கொத்து வேலைக்குப் போய்விட்டானா என்று அந்தப் பெண்ணே விசாரித்து வர வேண்டும். அரசு ஊழியர் என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் சம்பளச் சீட்டே கிடையாது. கையில் வாங்குகிற கூலி எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் ஏறுவதில்லை.

சரி, அரசு உதவி? கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1986 முதல் ஓய்வூதியம் இருக்கிறது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். வயது 30 நிறைந்திருக்க வேண்டும். கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் பிரித்துவிட்டதற்கான சான்று வேண்டும். 24 வயதில், இரண்டு வயதுக் குழந்தையோடு ஒருத்தி கைவிடப்படுகிறாள் என்று வையுங்கள். ஓய்வூதியம் அவள் கைக்கு வரும்போது குழந்தைக்கு எட்டு வயது. பாலும் முட்டையும் மிக அவசியமாக இருந்த ஆறு ஆண்டுகள் முடிந்துபோயிருக்கும். ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று இருந்தாலும் அதே 1,200.

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தாய் விதவையாகவோ மணமுறிவு பெற்றவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்கும் நகரத்தில் 96,000-க்கும் மேல் போகக்கூடாது. அதாவது மாதம் 8,000-க்குச் சற்று மேல் சம்பாதிக்கிற நகரத்துத் தாய் வசதியானவர் என்று பொருள். வாடகை கொடுத்துப் பிள்ளை வளர்த்தவர் யாரும் இதை எழுதியிருக்க முடியாது.

பிரிட்டன் வேறு வழியில் போய்ப் பார்த்தது. 1991-இல் சட்டம் இயற்றி, 1993-இல் தகப்பன்களிடம் வசூலிக்க ஒரு முகமையே தொடங்கினார்கள். ஆனால் உதவித்தொகை வாங்கும் ஏழைத் தாய்க்கு வசூலான பணம் உபரியாகச் சேரவில்லை. அந்த அளவுக்கு உதவித்தொகையில் கழித்துக்கொண்டார்கள். அந்தக் கழிவை முழுதாக நிறுத்த 2010 ஆயிற்று. வசூலை முதலில் கருவூலத்தின் ஆதாயமாகப் பார்த்ததன் விளைவு அது.

சுவீடன் 1937-லேயே சரியான முடிவுக்கு வந்தது. ஜெர்மனி 1980 முதல் அதைச் செய்கிறது. தகப்பன் தராவிட்டால் அரசு குழந்தைக்கு முன்பணம் கொடுக்கும். பிறகு அரசே அவனிடம் வசூலிக்கும். ஜெர்மனியில் 2017 முதல் இது 18 வயது வரை நீள்கிறது. கொடுத்ததில் பெரும்பகுதி அங்கேயும் திரும்பி வருவதில்லை, உண்மைதான். அந்த நஷ்டத்தை ஓர் அரசு தாங்கும். ஒரு குழந்தை தாங்காது.

இங்கேயும் இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிலவரிப் பாக்கியை ஜப்தி செய்து வசூலிக்க 1864-ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவிட்ட தொகையை மாதம் பிறந்ததும் அரசு தாயின் கணக்கில் போடட்டும். பிறகு அதையே வருவாய்ப் பாக்கியாக அந்தத் தகப்பன் தலையில் ஏற்றட்டும். தகப்பன்களுக்குப் பொறுப்பு போய்விடும் என்பார்கள். தாசில்தார் கேட்டு வந்தால் பொறுப்பு கூடத்தான் செய்யும். ஆதாரும் பான் எண்ணும் வாகனப் பதிவும் பி.எஃப். கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் இருப்பது அவனை எங்கோ பார்த்ததாக யாரோ சொன்ன சேதி மட்டும். தேடுகிற வேலையை யார் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை, உங்கள் தெருவில் இப்படி ஒரு பெண் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: மனு போடத் தாமதிக்க வேண்டாம், ஒவ்வொரு மாதமும் பணம். பாக்கி ஒரு வருடம் தாண்ட விட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு; நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.