சேற்றைப் பார்க்காத சேற்று டயர்

பிக்கப் டிரக்குக்குப் புது டயர் வாங்கப் போகும் அமெரிக்கர், கடையில் டயரின் கன்னத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார். தடித்த வெள்ளை எழுத்தும், தோள்பட்டையில் பிதுங்கி நிற்கும் ரப்பர் கட்டைகளும் அவரை அப்படியே நிறுத்திவிடுகின்றன. ஆனால் டயர் உழைக்கிற இடம் அதுவல்ல. ஓடும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது டயருக்கு ஒரு கையகல ரப்பர். இரண்டு டன்னைத் தாண்டும் வண்டியை மழையில் நிறுத்த வேண்டிய பொறுப்பு அந்த நான்கு கையகலத்துக்குத்தான். அதை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடிந்தால் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஆகவே பிக்கப் டயர் என்பது பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரரின் கண்ணுக்காக வாங்கப்படுகிறது என்பது என் கட்சி. போன வருஷம் வண்டி எங்கெல்லாம் போனது என்று பார்த்து டயர் வாங்குபவர் அபூர்வம். அடுத்த வருஷம் எங்கெல்லாம் போகலாம் என்ற ஆசைக்கு டயர் வாங்குகிறவர்களே அதிகம்.

வண்டி வாங்கியவர்களிடம் கேட்டறியும் ஸ்ட்ராடஜிக் விஷன் நிறுவனத்தின் கணக்கு ஒன்று 2019-இல் வெளிவந்தது. டிரக் வைத்திருப்பவர்களில் 75 சதவீதம் பேர் வருஷத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் பின்னால் எதையாவது கட்டி இழுக்கிறார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் பேர் தார் ரோட்டை விட்டு இறங்குவதும் அவ்வளவுதான். (கல்யாண வீட்டுப் புல்தரையில் நிறுத்தியதையும் சிலர் இதில் சேர்த்திருக்கக்கூடும்.) அப்படியிருந்தும் பலர் கை நீட்டுவது ‘மட் டெரெய்ன்’ என்னும் சேற்று டயரை நோக்கி. அந்த டயரைக் குறை சொல்ல முடியாது. கட்டைகளுக்கு நடுவே அகலமான பள்ளம் விட்டிருப்பது, அள்ளிய சேற்றைச் சுழற்சியிலேயே வெளியே எறிவதற்காக. சேறு இருக்கும்வரை அது மிகப் பிரமாதமான ஏற்பாடு. தார் ரோட்டிலோ, பள்ளம் எவ்வளவோ அவ்வளவுக்கு ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்கிறது. பள்ளங்களில் காற்று சிக்கி விடுபடும் ரீங்காரம் பயணம் முழுக்கக் கூட வருகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட மலையேறும் ஆணிச் செருப்பை மாட்டிக்கொண்டு போவதில் என்ன சௌகரியமோ, அதே சௌகரியம்தான்.

“சேற்று டயர் வேண்டாம், ஆனால் பத்து பிளை டயராவது வேண்டும், அதுதான் உறுதி” என்பார்கள். பிளை என்பது பருத்தி நூல் அடுக்குகளை எண்ணிய காலத்துக் கணக்கு. இன்றைய ‘பத்து பிளை’ ரேடியல் டயரின் கன்னத்தை அறுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று அடுக்குதான் இருக்கும். அந்த எண் இப்போது சுமைத் தரத்தின் பட்டப்பெயர். எல்டி (லைட் டிரக்) என்று பொறித்த அந்த ரகத்துக்குக் காற்றும் அதிகம் வேண்டும். முழுச் சுமையைத் தாங்க அது 80 பிஎஸ்ஐ வரை கேட்கும். காலி வண்டியில் அவ்வளவு அடைத்தால், ஏற்கெனவே கனமில்லாத பின்பக்கம் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெக்சஸ் மாநிலத்து சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதை ஒன்று இருக்கிறது. அதில் வண்டிகளை வரிசையாக 7,200 மைல் ஓட்டித் தேய்மானம் அளந்து, கார் டயருக்கு மதிப்பெண் போடுவார்கள். எல்டி டயருக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. மார்க் ஷீட் இல்லாத மாப்பிள்ளையைத்தான் ‘உறுதியானவர்’ என்று அழைத்து வருகிறோம்.

உண்மையாகவே செங்கல் ஏற்றுகிறவர், குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுக்கிறவர் எல்டி வாங்குவதுதான் சரி. அவரோடு எனக்கு வழக்கில்லை. சாதாரண கார் ரக டயரை டிரக்கில் மாட்டும்போது அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியே உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எந்த அளவு, எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் சொல்வதைவிட அது நம்பகமானது, அதற்குக் கமிஷன் இல்லை. பனிக்காலத்துக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. கட்டை பெரிதானால் பனியில் பிடிப்பும் பெரிது என்பது கண் செய்யும் மோசடி. பனிக்கட்டியைப் பற்றுவது ரப்பரில் கீறிய மெல்லிய வெட்டுகள். சேற்று டயரில் அவை சொற்பம். மூன்று சிகரமும் நடுவில் பனிச்செதிலும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது பனியில் சோதித்துக் கொடுப்பது. ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்ற எழுத்தோ பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்தே போட்டுவிடுவது.

அளவைப் பெரிதாக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 265/70 ஆர் 17 இருந்த இடத்தில் 285/70 ஆர் 17 போட்டால் சக்கரம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக உயரும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 62-இல் போகும். போலீஸ்காரரிடம் இதை விளக்கலாம். அவரும் அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே பொறுமையாகக் கேட்பார்.

கடைசி ஆட்சேபம், அழகு. “என் பணம், என் வண்டி, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?” இதற்கு என்னிடம் வாதம் இல்லை, தகவல்தான் உண்டு. சத்தமில்லாமல் ஓடும் ஹைவே டயர்களிலும் ஒரு பக்கம் வெள்ளை எழுத்து வைத்த மாடல்கள் இருக்கின்றன. எழுத்து வெளியே தெரியட்டும் என்று மாட்டும்போது சொன்னால் போதும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.