வேகம் எஞ்சினிலா, பாதையிலா?

கேள்வி: வெளிநாட்டு ரயில்கள் பறக்கின்றனவே, நம் ரயில்களுக்கு ஏன் அந்த வேகம் இல்லை?

பதில்: எஞ்சினைத் திட்டாதீர்கள், தண்டவாளத்தைப் பாருங்கள்! ஜப்பான் 1964-இல் டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயிலை 210 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டது. அதற்கு முன் அவர்கள் செய்த பெரிய காரியம், பழைய குறுகிய பாதையைத் தொடாமல் அகலமான புதுப் பாதை போட்டதுதான். அதில் லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு ரயில் கிடையாது, கொடிய வளைவும் கிடையாது. இன்று அதே பாதையில் வேகம் 285. தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணி கூட அந்தப் புல்லட் ரயில்களில் இறந்ததில்லை என்பதுதான் எனக்கு வேகத்தைவிடப் பெரிய சாதனை.

பிரான்சில் 320. சீனாவில் பெய்ஜிங் - ஷாங்காய் தடத்தில் 350. சுமார் 1,300 கி.மீ. தூரத்தை நாலரை மணி நேரத்தில் கடக்கிறார்கள்.

நம் வந்தே பாரத் 180-க்காக வடிவமைக்கப்பட்டது. ஆனால் பல தடங்களில் 130-ஐத் தாண்ட அனுமதி இல்லை. தேர் போகும் தெருவில் பந்தயக் குதிரையும் நடந்துதான் போக வேண்டும். தனிப்பாதை போடுங்கள், குதிரை ஓடும்.

ஊட்டி மலை ரயிலை மட்டும் விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். அதை வேகப்படுத்தச் சொல்லி யாரும் மனு போட்டுவிடாதீர்கள்!