தாமதவியல்: ஓசூர் ஆலை வாயில்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நாட்டுக்கெல்லாம் கைக்கடிகாரம் செய்து அனுப்பிய டைட்டன் ஆலை ஓசூரில் இருந்தும், அவ்வூர்ச் சிப்காட் சாலைகளில் ஷிப்ட் சங்கு ஒலித்த பிறகு ஓடிவருவோரைக் காணாத நாள் இல்லை என்பது அறிஞர் கவனத்துக்கு இதுவரை வராத ஒரு முரண். தாமதம் என்பது இங்கு, பஞ்சிங் இயந்திரம் காட்டும் நேரத்துக்கும் சூப்பர்வைசர் ஏற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறிக்கும்.

தாமதங்களுள் தலையாயது எல்லைத் தாமதம். சந்தாபுரத்திலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் வருவோர் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலைக் காரணம் காட்டுவர்; மேலாளரின் காரும் அதே நெரிசலில் நின்றிருக்கும் என்பதால் இதற்கு மறுப்பில்லை. இதனினும் உறுதியானது யானைத் தாமதம். ராகி முற்றும் பருவத்தில் சானமாவு காட்டிலிருந்து யானைகள் இறங்கிச் சாலையைக் கடக்கும்போது சூளகிரிப் பக்கத்துத் தொழிலாளர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதும், மறுநாள் நாளிதழே அவர்களுக்குச் சாட்சி சொல்வதும் உண்டு. யானைக்கு மெமோ கொடுக்கும் அதிகாரம் எந்த எச்.ஆர். துறைக்கும் வழங்கப்படவில்லை. எஞ்சியது அண்மைத் தாமதம். மூக்கண்டப்பள்ளியில், ஆலைச் சங்கு காதில் விழும் தொலைவில் குடியிருப்பவர் கடைசியாக வந்து சேரும் இந்நிகழ்வுக்கு இயற்பியலில் விளக்கம் கிடைக்கவில்லை.

இவற்றை அடக்கச் சட்டம் முயன்றிருக்கிறது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகள் 'வழக்கமான' தாமதத்தையே ஒழுங்கீனம் என்று வகுத்தன. ஆனால் எத்தனை முறை தாமதமானால் அது வழக்கமாகும் என்று எண்ணிச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 'மூன்று தாமதத்துக்கு அரைநாள்' என்னும் தேற்றம் முளைத்தது. வராத நேரத்துக்கு உரிய அளவுக்குமேல் கூலியைப் பிடிக்கக்கூடாது என்று 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் தடுத்தமையால், தேற்றம் சம்பளத்தைத் தொடாமல் விடுப்புக் கணக்கில் கைவைக்கிறது. மும்மூன்று நிமிடம் மும்முறை சேர்ந்து நான்கு மணி நேரமாகும் இக்கணிதத்தைப் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் ஏற்கவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோதும் தேற்றம் அசையவில்லை.

தண்டிப்பவன் கோலை வேகமாக ஓங்கி மெதுவாக இறக்க வேண்டும் என்பது, வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன நெறி. சூப்பர்வைசர்கள் குறளைப் படித்துத்தான் நடக்கிறார்கள் என்று கூற ஆதாரம் இல்லையெனினும், டைம் ஆபீசின் முன்னால் மெமோத் தாளை உயர்த்திக் காட்டி, தமிழில் தொடங்கித் தெலுங்கில் உச்சம் தொட்டுக் கன்னடத்தில் தணியும் கண்டிப்புக்குப் பின், தாளை மேசை இழுப்பறைக்கே திருப்பி அனுப்பும் முறை அந்நெறியோடு முற்றும் பொருந்துகிறது. உண்மையான கோல் வேறிடத்தில் இருக்கிறது. மிகைநேர வேலைக்கு, அதாவது ஓ.டி.க்கு, சட்டப்படி இருமடங்கு கூலி உண்டு. ஞாயிறன்று யார் ஓ.டி.க்கு வரலாம் என்று எழுதும் பட்டியல் சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் ஒரு பெயர் விடுபடுவது தண்டனையாக எந்த ஏட்டிலும் பதிவாகாது, அதற்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வேண்டாம், உள்விசாரணை வேண்டாம், மேல்முறையீடும் கிடையாது. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவர் மறுவாரமே கால்மணி நேரம் முன்னதாக வந்து நிற்பதைக் காணும்போது, நிர்வாகவியல் நூல்கள் ஊக்கம் என்று வருணிப்பது இதைத்தானோ என்ற ஐயம் எழுகிறது.

மேற்கண்ட வகைப்பாடு முழுவதும் நிரந்தரத் தொழிலாளருக்கே உரியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்வோருக்கு யானையும் நெரிசலும் காரணமாக எடுபடுவதில்லை, மெமோவும் எழுதப்படுவதில்லை. மறுநாள் கேட்டில் பாஸ் செல்லாது என்று செக்யூரிட்டி சொல்லிவிடுகிறார்.