சனிக்கெழமப் பனி

ஏங் கண்ணு, ரெண்டு நாளா லேப்டாப்ப மடியில வெச்சுட்டு எதைய அப்பிடி உத்துப் பாக்கற? ஓ, ஆல்ப்ஸ் மலையில எந்த ஊர்ல பனி பொய்க்காதுன்னு கணக்குப் போடறியாக்கும். ஊருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கலரு. சாதகம் எழுதறவன்கூட இத்தன கட்டம் போட்டதில்ல.

ஜெர்மாட் 3,883 மீட்டர்னு எழுதிருக்கியா? அது கேபிள் காரு கொண்டுபோயி எறக்கிவிடற எடம். ஊரு கெடக்கறது 1,600 மீட்டர்ல. கோபுரத்து ஒசரத்தச் சொல்லித் திண்ணைய வாடகைக்கு விடறான், நீயும் தலையாட்டற. மேல பனியாறு இருக்குது, கோடையிலயும் சறுக்கலாம், இல்லீங்கல. லாட்ஜு வாசல் வரைக்கும் சறுக்கிட்டே வரோணும்ங்கறியே, அதுக்கு உச்சிப்பனி எறங்கி வருமா?

நூறு மீட்டர் ஏறுனா அரை டிகிரிக்கு மேல குளிரும். ஒசரம் வேணுந்தான். வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டர்ல இருக்குது. ஆனா மரமே இல்லாத பொட்டல் கண்ணு. காத்து கெளம்புனா மேலயும் வெள்ள, கீழயும் வெள்ள. உன்ற காலு எதுன்னே தெரியாது.

செயின்ட் மோரிட்ஸக் கேளு. 1,800 மீட்டர், பேரு பெத்த ஊரு. சுத்தியும் மலை. மேகம் வார வழியிலயே ஈரத்தக் கொட்டிப்போட்டு வெறுங்கையோட வந்து நிக்கும். கருமி ஊட்டு உண்டியலாட்டம், உழுகறது கம்மி, உழுந்தது குளிர்ல அப்பிடியே கெடக்கும். ஆஸ்திரியாவுல வார்த்துன்னு ஒரு ஊரு, 1,500 மீட்டர்கூட இல்ல. வடமேக்கு ஈரக்காத்து நேரா அங்க வந்து முட்டும். முட்டுனா கொட்டாம என்ன பண்ணும்?

கிட்ஸ்பூல் இன்னும் பள்ளம். 760 மீட்டர் சொச்சம். உன்ற கட்டத்துல செவப்பு அடிச்சிருப்பியே! அங்க சரிவெல்லாம் கோடையில மாடு மேயற புல்லு. பாறை கம்மி, மெல்லுசாப் பனி படிஞ்சாலே சறுக்கலாம். 1931லயே பந்தயம் வெச்ச ஊரு அது. அடியில புல்லா கல்லான்னு ஒரு கட்டம் போட்டியா நீ?

எல்லா வருசமும் இது பலிக்குமான்னா, அதெப்படி? 2023 புது வருசத்துல ஆல்ப்ஸுப் பக்கமே சூடு. கிஸ்டாடுங்கற ஊர்ல ஹெலிகாப்டர்ல பனிய அள்ளியாந்து பாதையில கொட்டுனாங்க. தண்ணி லாரி பாத்திருப்ப, பனி லாரி பாத்திருக்கியா? அதுவும் பறக்கறது!

இன்னொண்ணும் கேளு. அமெரிக்காவுல ரெண்டு பொருளாதார வாத்தியாருங்க பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்காரங்க கணக்க வானிலைக் கணக்கோட ஒப்பிட்டாங்க. சனி, ஞாயிறுல மத்த நாளவிடப் புதுப்பனி 23 சதவீதம் கூடப் பேஞ்சதா ரிசார்ட்டுக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க. எடத்துல இருந்தே சறுக்கறவங்க செல்போன்ல நெலவரம் போட ஆரம்பிச்சதும் அந்தக் கூடுதல் மளமளன்னு கொறைஞ்சு போச்சாம்.

ஆல்ப்ஸுக்காரன் அரிச்சந்திரனாவே இருக்கட்டும். நீ என்னைக்குப் போய் எறங்கற? சனிக்கெழமயா?

அட, அப்ப நெறையப் பேஞ்சிருக்கும் போ.