மலையேறும் புண்ணியம்

வனவிலங்குகளைக் காக்கவெனப் பெண்கள் அணிதிரண்டு மலையேறுவதும், ஏறும் தொலைவைக் காட்டி உற்றாரிடமும் அலுவலகத்தாரிடமும் நன்கொடை திரட்டுவதுமான அறநடை, அதாவது கால்வலியைக் காசாக்கித் தொண்டுக்கு அளிக்கும் முறை, மேலைநாடுகளில் வேரூன்றிய வழக்கமாகும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்துவிட்டமையால், இனி இப்புண்ணியத்துக்கு இமயம்வரை போகவேண்டியதில்லை.

இவ்வழக்கம் சென்னைப் புறநகரான கரையான்சாவடியை எட்டுமாயின், அவ்வூர்ப் பெண்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது. ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் பிள்ளையுமாக, ஷேர் ஆட்டோக்களின் ஹாரனுக்கு அஞ்சாமல், மெட்ரோ தூண்களுக்கிடையே டிரங்க் சாலையைக் கடப்பது கடினப் பாதைக்குரிய தகுதியே எனினும், அதற்கு எவரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்ததில்லை. காக்கவேண்டிய உயிர்களும் தொலைவில் இல்லை: 24 அடிவரை நீர் தேக்கும் செம்பரம்பாக்கம் ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் உள்ளன. ஆனால் மலையேறுவோர் அணியும் பனியனில் புலியை அச்சிட்டால் பணம் சேரும். நீர்க்காகத்தை அச்சிட்டால், வெறுங்காக்கைக்கு எதற்குக் காசு என்று கொடையாளர் பணப்பையை மூடிவிடுவர்.

அசாமிலோ, அவலட்சணம் என்று இகழப்பட்ட பெருநாரையைக் காக்க ஊர்ப் பெண்களைத் திரட்டி, அதன் உருவத்தைச் சேலையிலேயே நெய்யவைத்த பூர்ணிமா தேவி பர்மன், 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உயரிய விருதைப் பெற்றார். அதற்காக அவர் ஏறி இறங்கியது மலையன்று, கூடுள்ள மரங்களை வெட்டவேண்டாமென வேண்டி, அவற்றின் உரிமையாளர் வீட்டுப் படிகளை.